வங்கதேசம் மூழ்குவதற்கு முன்னால்: உப்பு, கரை, நெல் பற்றிய ஓர் எளிய விளக்கம்

காலநிலை மாற்றம் என்ற பேச்சு எடுத்தாலே வங்கதேசத்தின் வரைபடம் ஒன்று வந்துவிடும். கடல் மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் எதெல்லாம் போகும் என்று காட்டுவதற்காகத் தென்பகுதி முழுவதும் நீல வண்ணம் பூசிய படம் அது. அதைப் பார்ப்பவர்களில் பலர், கடல் என்றோ ஒருநாள் ஏறி வந்து நாட்டை விழுங்கப்போகிறது என்றும், அதுவரை அங்கே எல்லாம் வழக்கம்போல நடக்கும் என்றும் எண்ணிக்கொள்கிறார்கள். வேறு சிலர், அதெல்லாம் நிர்வாகக் கோளாறு, காலநிலை என்பது அரசுகள் சொல்லும் சாக்கு என்கிறார்கள். அந்த நாட்டின் கடலோர உழவர் ஒருவரின் வயலில் இப்போது என்ன நடக்கிறது என்பதை இந்த இரண்டு பேச்சுகளும் விளக்குவதில்லை. அந்த வயலில் கடல் இன்னும் ஏறவில்லை. ஆனால் உப்பு ஏறிவிட்டது. அது எந்த வழியாக ஏறியது என்று பார்த்தால், பாதி வழி இயற்கை போட்டது, மீதி வழி வேளாண் கொள்கையும் நீர்க் கொள்கையும் போட்டவை என்று தெரியவரும்.

ஒரே மழை, இரண்டு வீடுகள்

ஒரு தெருவில் ஓட்டு வீடு ஒன்றும் கூரை வீடு ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஐப்பசி மழை இரண்டின் மீதும் ஒரே அளவில்தான் பெய்கிறது. ஓட்டு வீட்டுக்காரர் சன்னலைச் சாத்திவிட்டு உறங்குகிறார். கூரை வீட்டுக்காரரோ ஒழுகும் இடத்திலெல்லாம் பாத்திரத்தை வைத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். தெரு மேட்டில் இருந்திருந்தால் இருவருக்கும் தொல்லை குறைந்திருக்கும்.

இந்தக் காட்சியில் இருப்பவற்றுக்கு மூன்று பெயர்கள் உண்டு. மழையைப் போன்ற இயற்கை நிகழ்வுக்கு இடர் என்று பெயர். அதன் பாதையில், பள்ளத்தில், இருப்பது ஆட்படுதல். வந்ததைத் தாங்கும் வலு குறைந்திருப்பது நலிவு. கேடு எவ்வளவு என்பதை இம்மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. காலநிலை மாற்றம் முதலாவதைத்தான் பெருக்குகிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் மனிதர்களின் முடிவுகள்.

வங்கதேசத்தின் புயல் கணக்கு இதற்கு நல்ல சான்று. 1970-இல் போலா பகுதியைத் தாக்கிய புயலில் இறந்தவர்கள் 3 லட்சம் முதல் 5 லட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. 1991-இல் வந்த புயல் ஏறத்தாழ 1,38,000 பேரைக் கொன்றது. 2007 நவம்பரில் சித்ர் புயல் கடும் வேகத்தில் கரையைக் கடந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். 2020 மே மாதம் அம்பான் வந்தபோது அந்த எண்ணிக்கை சில பத்துகளுக்குள் அடங்கியது. இதற்குள் புயல்கள் சாதுவாகிவிடவில்லை. முன்னெச்சரிக்கையும், ஒலிபெருக்கியோடு ஊர் ஊராகச் செல்லும் தொண்டர்களும், தூண்கள்மேல் எழுப்பிய புகலிடக் கட்டடங்களும் வந்திருந்தன. இடர் அப்படியே இருக்க, நலிவு குறைந்தது.

ஆனால் நெற்பயிர் எழுந்து புகலிடத்துக்கு நடந்து போகாது. உயிர்களைக் காப்பதில் அந்த நாடு பெற்ற வெற்றியை வயலைக் காப்பதில் பெற முடியாமல் போனதற்கு இது ஒரு காரணம். வேறு காரணங்கள் கொஞ்சம் சிக்கலானவை. அவற்றைப் புரிந்துகொள்ள அங்கே நெல் எப்போது விளைகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

மூன்று பட்டங்கள்

நமக்குக் குறுவை, சம்பா, தாளடி என்று இருப்பதுபோல வங்கதேசத்தில் ஆவுஸ், ஆமன், போரோ என்று மூன்று பட்டங்கள் உண்டு. ஆவுஸ் கோடை மழையை நம்பி விதைத்து ஆடி, ஆவணியில் அறுப்பது. ஆமன் பருவமழையில் நட்டு மார்கழி வாக்கில் அறுப்பது. பழங்காலத்தில் இதுவே பெரும் பட்டம். போரோ குளிர்காலத்தில் நட்டு ஏப்ரல், மே மாதங்களில் அறுப்பது. நாட்டின் மழையில் ஐந்தில் நான்கு பங்கு பருவமழை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுவதால், போரோவுக்கு வானத்தை நம்பிப் பயனில்லை. இறைத்துத்தான் பாய்ச்ச வேண்டும்.

1988-இன் பெருவெள்ளத்துக்குப் பிறகு அரசு சிறிய டீசல் எஞ்சின்களையும் பம்புகளையும் இறக்குமதி செய்வதற்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதன் பின் ஆழமற்ற குழாய்க் கிணறுகள் ஊரெங்கும் முளைத்தன. சிறுபட்டமாக இருந்த போரோ வளர்ந்து இன்று நாட்டின் அரிசியில் பாதிக்கு மேல் தருகிறது. 1971-இல் சுமார் 1 கோடி டன்னாக இருந்த அரிசி விளைச்சல் 3.5 கோடி டன்னைத் தாண்டியதற்கு இதுவே முதன்மைக் காரணம். மக்கள்தொகை 7 கோடியிலிருந்து 17 கோடியானபோதும் அந்த நாட்டில் சோற்றுப் பானை வற்றாமல் இருந்தது என்றால், அந்தச் சாதனையைச் சிறிதாக எண்ணக் கூடாது.

இதை வெள்ளத்திலிருந்து தப்பும் வழி என்றும் சொல்லலாம். வெள்ளக் காலத்து நெல்லை நம்புவதைக் குறைத்துக்கொண்டு, வெள்ளம் இல்லாத காலத்து நெல்லுக்கு மாறினார்கள். மாறிவரும் காலநிலைக்கு ஏற்ப வாழ்முறையையும் தொழிலையும் திருத்திக்கொள்வதைத் தகவமைப்பு என்கிறோம்; அந்தச் சொல் புழக்கத்துக்கு வருமுன்பே வங்கதேசம் அதைச் செய்துவிட்டது.

ஆயினும் ஓர் ஆபத்தை விட்டு நகரும்போது இன்னொன்றின் அருகில் போய்விடுவது உண்டு. வடகிழக்கில் ஹாவோர் எனப்படும் பெரும் தாழ்நிலங்களில் ஆண்டுக்கு ஒரே பயிர், அதுவும் போரோ. 2017-இல் மார்ச் இறுதியிலேயே மேகாலய மலைகளில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கி, சுனாம்கஞ்ச் போன்ற மாவட்டங்களில் அறுக்க இன்னும் சில வாரங்களே இருந்த கதிர்களை மூழ்கடித்தது. அரிசி விலை ஏறியது. அரசு இறக்குமதி வரியைக் குறைக்க வேண்டியதாயிற்று. 2021 ஏப்ரல் 4 அன்று கிஷோர்கஞ்ச், நேத்ரகோனா பகுதிகளில் வீசிய அனல் காற்றில், பூக்கும் பருவத்தில் இருந்த போரோ ஒரே இரவில் வெளுத்துப்போனது. நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழக்கும். கதிர் நிமிர்ந்து நிற்கும். உள்ளே பால் பிடித்திருக்காது. கையில் உருவிப் பார்த்தால் எல்லாம் பதர்.

மழையை நம்பிய ஆமனுக்கும் நிம்மதி இல்லை. 2022 ஜூலையில் வங்கதேசத்தில் பெய்த மழை இயல்பில் பாதியைக்கூட எட்டவில்லை. நடவுக்கே நீர் இறைக்க வேண்டிய நிலை வந்த அதே ஆகஸ்ட் மாதத்தின் முதல் வாரத்தில், டீசல் லிட்டருக்கு 80 டாக்காவிலிருந்து (டாக்கா அந்நாட்டு நாணயம்) 114 டாக்காவாகவும், யூரியா கிலோவுக்கு 16 டாக்காவிலிருந்து 22 டாக்காவாகவும் உயர்த்தப்பட்டன. உலகச் சந்தை நிலவரத்தில் அரசுக்கு வேறு வழியில்லை என்ற வாதம் உண்டு. ஆனால் அந்த மாதம் ஓர் உழவரின் கையைக் கடித்தது மழையா விலையா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கேடு என்பது இடர், ஆட்படுதல், நலிவு ஆகியவற்றின் கூட்டு. எந்தப் பட்டத்தில் எந்தப் பயிர் என்ற கொள்கை முடிவு, உழவர் எந்த இடருக்கு ஆட்படுவார் என்பதை மாற்றிவிடுகிறது. இனி, குளிர்காலப் போரோ பெரிதாகப் பரவ முடியாத கடலோரத்துக்குப் போவோம். அங்கே குளிர்காலம் என்றால் உப்புக் காலம்.

மாங்காயும் நெல்லும்

நறுக்கிய மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவிப் பிசறி ஜாடியில் போட்டுவைத்தால், மறுநாள் காலையில் துண்டுகள் சுருங்கி, ஜாடியில் நீர் நின்றிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நாம் ஊற்றவில்லை. மாங்காய்க்குள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்தது. மெல்லிய சவ்வின் இருபுறமும் உப்பின் அளவு வேறுபட்டால், உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் நகரும். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர்.

நெல்லின் வேர் நீரை உறிஞ்சுவதும் இதே விதிப்படிதான். வேருக்குள் இருக்கும் சாற்றைவிட மண்ணின் நீரில் உப்பு குறைவாக இருக்கும்வரை நீர் உள்ளே வரும். மண்ணில் உப்பு ஏற ஏற, வயலில் நீர் நின்றாலும் பயிர் தாகத்தில் வாடும். அதையும் மீறி உள்ளே நுழையும் சோடியம் இலைகளில் சேர்ந்து நஞ்சாகிறது. இலை நுனி முதலில் வெளுத்து, சுருண்டு, கீழ்நோக்கிக் காயும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் இதற்கு மிகவும் அஞ்சும். இடையில் கொஞ்சம் தாங்கும்.

மண்ணின் உப்பை அளக்க அதன் மின்கடத்து திறனைப் பார்ப்பார்கள். உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும் என்பதால் இந்த வழி. அலகின் பெயர் டெசிசீமன்ஸ். மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்று கணக்கு. கடல்நீர் சுமார் 50. நெல்லுக்கு 3-ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 சதவீதம் போய்க்கொண்டே இருக்கும் என்பது வேளாண் அறிவியலில் வழக்கமாகக் கையாளும் கணக்கு.

கடலோர வயலில் இந்த எண் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. மழைக்காலத்தில் நல்ல நீர் உப்பைக் கழுவிக் கீழே தள்ளிவிடும். அதனால்தான் குல்னா, சத்கிரா, பாகேர்ஹாட் மாவட்டங்களில் ஆமன் விளைகிறது. மழை நின்றபின், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நிலத்தடி உவர்நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலே ஏறும். நீர் ஆவியாகிவிட, உப்பு தங்கிவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்த வயல்களில் நடந்தால் வெடித்த மண்ணின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைக் காணலாம். பனி விழுந்ததோ என்று தோன்றும்.

அந்நாட்டின் மண்வள நிறுவனம் எடுத்த கணக்கின்படி, 1973-இல் உப்பு பாதித்த நிலம் 8.33 லட்சம் ஹெக்டேர், 2009-இல் 10.56 லட்சம் ஹெக்டேர். நிலம் கடலுக்குள் போகவில்லை. இருக்கிற இடத்திலேயே அதன் குணம் மாறிவிட்டது.

கதவின் இரண்டு பக்கம்

உப்பு எங்கிருந்து வருகிறது? கடலிலிருந்துதான். ஆனால் கடல் மட்டம் உயர்ந்ததால் மட்டும் வருவதாக நினைப்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பரவலான தவறு. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக உயர்ந்தது சுமார் 20 சென்டிமீட்டர். அண்மை ஆண்டுகளில் வேகம் கூடியிருப்பதும் இனி இன்னும் கூடும் என்பதும் உண்மை. இருந்தும் இந்த 20 சென்டிமீட்டரைக் கொண்டு மட்டும் குல்னாவின் உப்பை விளக்கிவிட முடியாது.

ஒரு கதவை இருபுறமும் இருவர் தள்ளுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கடல், தினம் இருமுறை ஓதமாக, அதாவது கடல்நீர் ஏற்றமாக, வந்து தள்ளுகிறது. மறுபக்கம் ஆறு, மலையிலிருந்து கொண்டுவரும் நன்னீரால் தள்ளுகிறது. கடல் கொஞ்சம் வலுத்தாலும் கதவு உள்ளே நகரும். ஆறு தளர்ந்தாலும் நகரும். தென்மேற்கு வங்கதேசத்தில் இரண்டும் நடந்தன.

அந்தப் பகுதிக்குக் கங்கையின் நன்னீரைக் கொண்டுவரும் முக்கியக் கிளை கொராய் ஆறு. கொல்கத்தா துறைமுகம் தூர்ந்துபோகாமல் இருக்க ஹூக்ளியில் நீரைத் திருப்புவதற்காக இந்தியா கட்டிய ஃபரக்கா அணை 1975-இல் இயங்கத் தொடங்கியது. அதன்பின் கோடையில் கங்கையில் வரும் நீர் குறைந்து, கங்கையிலிருந்து கொராய் பிரியும் வாய் மணலால் அடைபட்டு, கோடை மாதங்களில் அது ஏறக்குறைய வறண்டுவிடும் நிலை வந்தது. 1996 டிசம்பரில் இரு நாடுகளும் செய்துகொண்ட கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் ஜனவரி முதல் மே வரை எவருக்கு எவ்வளவு என்று வரையறுக்கிறது. அதன் 30 ஆண்டுக் காலம் 2026 டிசம்பரில் முடிகிறது. காவிரியின் கடைமடையில் கோடைதோறும் காத்திருப்பவர்களைக் கொண்ட நமக்கு, கொராயின் கரையில் இருப்பவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

கரை காத்ததும் கெடுத்ததும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படிக்கலாம்.

1950-களின் வெள்ளங்களுக்குப் பிறகு, அப்போதைய கிழக்கு பாகிஸ்தானில், 1960-களில் கடலோரக் கரைத் திட்டம் தொடங்கியது. ஆறுகளும் ஓடைகளும் பின்னிக் கிடக்கும் தாழ்நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றி மண் கரை எழுப்பி, மதகு வைத்தார்கள். இப்படிக் கரையால் சூழ்ந்த நிலத்துக்கு நெதர்லாந்து மொழியில் போல்டர் என்று பெயர். அந்தப் பெயரே அங்கும் நிலைத்துவிட்டது. ஊர்களுக்கும் எண்தான் பெயர் என்று சொல்லும் அளவுக்கு, 22-ஆம் போல்டர், 32-ஆம் போல்டர் என்று பேசுவார்கள். மொத்தம் 139. உவர்நீர் வெளியே நின்றது. முதல் சில ஆண்டுகள் நெல் நன்றாக விளைந்தது.

கரை எதைத் தடுத்தது என்று மட்டும் பார்த்தவர்கள், அது வேறு எதையும் தடுத்ததா என்று கேட்கவில்லை. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. அந்த நாடே அந்த வண்டல்தான். கரைகள் வருமுன் ஒவ்வோர் ஓதமும் நிலத்தின்மேல் மெல்லிய படலமாக வண்டலைப் படியவிட்டுப் போகும். டெல்டா மண் தன் எடையாலேயே மெதுவாக அமிழ்ந்துகொண்டிருக்கும். வண்டல் அதை ஈடுகட்டிக்கொண்டிருக்கும். வரவும் செலவும் சரியாக இருந்த கணக்கு அது. கரை எழுந்ததும் செலவு தொடர்ந்தது, வரவு நின்றது.

வெளியே நின்ற வண்டல் எங்கே போகும்? ஆற்றின் தரையிலேயே படிந்தது. ஆக, உள்ளே நிலம் தாழ, வெளியே ஆறு மேடானது. பரந்து கிடக்க இடமில்லாத ஓதநீர் கரைகளுக்கு நடுவே குவிந்து, முன்னைவிட உயரமாக ஏறவும் தொடங்கியது. குல்னா மாவட்டத்து 32-ஆம் போல்டரை அளந்த ஆய்வாளர்கள், ஆற்றுக்கு எதிர்க்கரையில் கரையே கட்டப்படாத சுந்தரவனக் காட்டைவிட அந்தப் போல்டரின் நிலம் 1 முதல் 1.5 மீட்டர் வரை தாழ்ந்திருப்பதைக் கண்டார்கள். ஒரே ஆறு, ஒரே கடல். காடு ஓதத்தோடு சேர்ந்து உயர்ந்துவிட்டது. பாதுகாக்கப்பட்ட வயல் கிணற்றைப்போல ஆகிவிட்டது.

2009 மே 25 அன்று ஐலா புயல் அந்தக் கரையை உடைத்தது. புயல் ஒரு நாளில் போய்விட்டது. நீர் போகவில்லை. நிலம் ஆற்றைவிடத் தாழ்ந்திருந்ததால் உடைப்புகளை அடைக்கும்வரை, ஏறத்தாழ 2 ஆண்டுகள், ஓதம் தினமும் வந்துபோனது. மக்கள் மிஞ்சிய கரைமேல் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் வேறொன்றும் நடந்தது: நீர் நின்ற இடங்களில் பல சென்டிமீட்டர் கனத்துக்கு வண்டல் படிந்து நிலம் உயர்ந்தது. கரை அரை நூற்றாண்டாகத் தடுத்துவைத்திருந்ததை உடைப்பு கொடுத்துவிட்டுப் போனது.

இடரைக் குறைக்கச் செய்த ஏற்பாடு பின்னாளில் நலிவைக் கூட்டிவிடுமானால், அதைப் பிழைத் தகவமைப்பு என்று அழைக்கலாம். கரை கட்டியவர்கள் முட்டாள்கள் அல்லர்; கரையே இல்லாத கடலோரத்தில் 1970 போன்ற புயல்கள் என்ன செய்தன என்று பார்த்தோம். நெதர்லாந்தின் அனுபவத்தை, அதைப் பலமடங்கு மிஞ்சும் வண்டல் ஓடும் ஆறுகளின் மேல் அப்படியே வைத்ததுதான் பிசகு என்பது என் எண்ணம்.

இந்தப் பகுதிகளின் சாரம்: கடலோர உப்புக்கு மூன்று வழிகள். கடல் உயர்கிறது, ஆறு தளர்ந்தது, நிலம் தாழ்ந்தது. முதலாவது உலகம் முழுவதும் விட்ட புகையால் வருவது. அதில் வங்கதேசத்தின் பங்கு அரை சதவீதத்துக்கும் குறைவு. மற்ற இரண்டும் மனிதர்கள் கட்டியவற்றால் வந்தவை.

நான்காவது வழி: மதகைத் திறந்துவிட்டவர்கள்

உப்பை வேண்டுமென்றே உள்ளே விட்டவர்களும் உண்டு. 1980-களில் உறைந்த இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்தது. டைகர் இறாலுக்கு உவர்நீர் வேண்டும். நெல்லைக் காக்க வைத்த அதே மதகைத் திறந்தும், கரையின் அடியில் குழாய் பதித்தும், உவர்நீரை உள்ளே கொண்டுவந்து இறால் பண்ணைகள் அமைத்தார்கள். அந்நியச் செலாவணி வருகிறது என்பதால் அரசும் நிதி நிறுவனங்களும் ஊக்குவித்தன. ஒரு பெரிய நிலக்காரர் மதகைத் திறந்தால், பக்கத்தில் அரை ஏக்கர் வைத்திருப்பவரின் நெல்லும், குடிநீர்க் குளமும், மாட்டுப் புல்லும் சேர்ந்தே கெடும். இறால் பண்ணைக்கு ஆள் அதிகம் வேண்டாம் என்பதால் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள் வேலை இழந்தார்கள்.

1990 நவம்பர் 7 அன்று, 22-ஆம் போல்டரில் உள்ள ஹரின்கோலாவில், இறால் பண்ணை வருவதை எதிர்த்து நடந்த ஊர்வலத்தின் முன்னால் சென்ற கருணாமயி சர்தார் என்ற பெண் கொல்லப்பட்டார். அந்தப் போல்டரில் இறாலுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதில் மக்கள் உறுதியாக நின்றார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே கூடுகிறார்கள். அந்த நிலம் உப்பானதற்கும் ஆகாததற்கும் காலநிலையில் எந்த வேறுபாடும் இல்லை. யாருடைய கை மதகின்மேல் இருந்தது என்பதே வேறுபாடு.

விதை எவ்வளவு தூரம் தூக்கிச் செல்லும்?

தீர்வு என்றதும் முதலில் பேசப்படுவது விதை. காஜிபூரில் உள்ள வங்கதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2007-இல் வெளியிட்ட பிரி தான் 47, போரோவுக்கு ஏற்ற உப்பு தாங்கும் நெல். ‘பிரி’ என்பது அந்த நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்; ‘தான்’ என்றால் வங்கமொழியில் நெல். அதில் மணி எளிதில் உதிரும் என்ற குறை இருந்ததால், 2014-இல் வந்த பிரி தான் 67 போன்றவை அதன் இடத்தைப் பிடித்தன. உப்பைத் தாங்கும் இப்பண்பை ஆராய்ந்தவர்களுக்கு வழிகாட்டிய பழைய நெல்களுள் கேரளத்தின் பொக்காளியும் ஒன்று. வெள்ளத்துக்கு 2010-இல் பிரி தான் 51, 52 வந்தன. சாதாரண நெல் மூழ்கினால் நீருக்குமேல் தலைநீட்டப் பார்த்து, இருக்கும் சத்தையெல்லாம் நீள்வதிலேயே செலவழித்துச் சாகும். இந்த வகைகளோ நீச்சல் தெரியாதவர் கையைக் காலை உதைக்காமல் மூச்சடக்கிக் கிடப்பதுபோல வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, இரண்டு வாரம்வரை தாங்கி, நீர் வடிந்ததும் தளிர்க்கும். நம் காவிரி டெல்டாவில் பயிராகும் சி.ஆர். 1009 சப் 1 நெல்லில் இருப்பதும் இதே மரபணுதான்.

இவை அருமையான பணிகள். ஆனால் 8 டெசிசீமன்ஸ் தாங்கும் விதை 14-இல் ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் மூச்சடக்கும் பயிர் இரண்டு ஆண்டு நிற்கும் நீரில் என்ன செய்யும்? விதை அவகாசம் வாங்கித் தரும், நிலத்தைத் திருத்தாது. பிரோஜ்பூர், பரிசால் பக்கத்தில் ஆகாயத் தாமரையை அடுக்கடுக்காகப் போட்டு மிதக்கும் பாத்தி கட்டி நாற்றும் காய்கறியும் வளர்க்கும் பழைய முறைக்கும் இதைச் சொல்லலாம். உலக உணவு, வேளாண் அமைப்பு 2015-இல் அதை மரபுச் செல்வமாக அங்கீகரித்தது. படம் எடுக்க அழகாக இருப்பதால் காலநிலை பற்றிய வெளியீடுகளிலெல்லாம் அதுவே அட்டைப்படம். நன்னீர் நிற்கும் இடத்துக்குத்தான் அது பொருந்தும் என்பதைப் படம் சொல்லாது.

ஓதத்தை உள்ளே அழைத்தவர்கள்

நிலத்தையே திருத்தும் வழியைக் கண்டவர்கள் பொறியாளர்கள் அல்லர். ஜெசோர், குல்னா எல்லையில், போல்டர்களுக்குள் மழைநீர் வடியாமல் ஆண்டுக்கணக்கில் தேங்கி நின்றது. 1990-இல் பீல் டாகாத்தியாவிலும், 1997-இல் பீல் பைனாவிலும் மக்களே கரையை வெட்டி ஓதத்தை உள்ளே விட்டார்கள். பீல் என்பது கிண்ணம்போன்ற தாழ்நிலம். ஓதம் வண்டலோடு உள்ளே வந்து, வண்டலை விட்டுவிட்டு வெளியேறும்போது ஆற்றின் தரையை அரித்துக்கொண்டு போனது. நிலம் உயர்ந்தது, ஆறு ஆழமானது. முதலில் சட்டவிரோதம் என்ற அரசு பின்னர் இதையே ‘ஓத ஆற்று மேலாண்மை’ என்று பெயரிட்டுத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது.

அந்நாட்டின் காலநிலை ஆவணங்களுக்குக் குறைவில்லை. 2009-இல் காலநிலை மாற்றச் செயல்திட்டம் வந்தது. வெளிநாட்டு உதவிக்குக் காத்திராமல் முதல் மூன்று ஆண்டுகளும் ஆண்டுக்கு 700 கோடி டாக்கா வீதம் சொந்த வரவு செலவிலிருந்து ஒதுக்கி ஒரு நிதியமும் அமைத்தார்கள். ஏழை நாடு ஒன்று இதைச் செய்தது பாராட்டுக்குரியது. 2018-இல் நூறாண்டு நோக்கோடு டெல்டா திட்டம் 2100 ஏற்கப்பட்டது. ஓதத்தையும் வண்டலையும் பகையாகக் கருதாத பார்வை இதில் இடம்பெற்றிருக்கிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பீலில் ஓதத்தை விட்டால் நான்கைந்து ஆண்டுகள் அங்கே எந்தப் பயிரும் வைக்க முடியாது. நிலம் உயர்ந்தபின் நன்மை எல்லோருக்கும். இடைப்பட்ட ஆண்டுகளின் பசி அந்த நிலத்தை நம்பியவருக்கு மட்டும். இழப்பீடு உண்டு என்று பீல் குக்ஷியாவில் அறிவித்தார்கள். பட்டா, வாரிசுச் சான்று, வரி ரசீது என்று கேட்ட காகிதங்களைக் காட்ட முடியாமல் பலருக்குப் பணம் வரவில்லை. அதைக் கண்டிருந்த அடுத்த பீலான கபாலியாவின் மக்கள், 2012-இல் தங்கள் நிலத்தில் ஓதத்தை விடவந்தபோது எதிர்த்து நின்றார்கள். மோதல் நடந்தது, திட்டம் கைவிடப்பட்டது.

இழப்பீட்டு விதிகள் நிலத்தின் உரிமையாளரைத்தான் தேடுகின்றன. அங்கே பல நிலங்களை வாரத்துக்கு எடுத்து உழுபவர்கள் பயிரிடுகிறார்கள். விளைச்சலில் பாதி உரிமையாளருக்கு, பாதி இவருக்கு என்பது வாய்ப்பேச்சில் நிற்கும் ஒப்பந்தம். ஓதம் உள்ளே வரும் நான்கைந்து ஆண்டுகளுக்கு அவருடைய பாதி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.